கியர் பெட்டி மாறினால் என்னென்ன மாறும்?



அரியலூர்ப் பக்கம் வசிப்பவர்களுக்குச் சுண்ணாம்புக்கல் லாரிகளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சுரங்கப் பள்ளத்திலிருந்து பாரத்துடன் மேடேறி வரும் லாரியின் ஓசையை என்றாவது கூர்ந்து கேட்டிருக்கிறீர்களா? உறுமல் மெல்ல மெல்லத் தாழும். எஞ்சின் திணறுவது போலிருக்கும். ஒரு கணம் ஓசை அறுபடும். உடனே உறுமல் மீண்டும் உயர்ந்து எழும். ஆனால் லாரியோ முன்னைவிட மெதுவாகத்தான் நகரும். ஓசை அறுபட்ட அந்தக் கணத்தில் ஓட்டுநர் கியரை மாற்றிவிட்டார்.

எங்கள் ஊர் நண்பர் ஒருவரிடம் 1960களில் செய்யப்பட்ட வெளிநாட்டுக் கார் ஒன்று இருக்கிறது. அவருடைய தந்தை வாங்கியது. அதில் கியரை ஓட்டுநர் மாற்ற வேண்டியதில்லை, தானே மாறிக்கொள்ளும். அந்தத் தானியங்கிக் கியர் பெட்டி பழுதடைந்தது. உதிரிப் பாகம் கிடைக்கவில்லை. எனவே அதைக் கழற்றிவிட்டு, கையால் மாற்றும் சாதாரணக் கியர் பெட்டியைப் பொருத்தினார்கள். இந்த மாற்றத்திலுள்ள இயற்பியலைப் பார்ப்போம். அந்தக் கார் எனக்குக் கற்பித்த பாடம் ஒன்றும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கியர் ஏன் வேண்டும்?

சிறிய பற்சக்கரம் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் குறையும்; திருப்பு விசை அதே மடங்கு கூடும். ஒரு கணக்குப் போடுவோம். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழன்று, 100 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை தருகிறது என்று கொள்ளுங்கள். அதன் கோண வேகம் நொடிக்கு ஏறத்தாழ 314 ரேடியன். இரண்டையும் பெருக்கினால் திறன் 31.4 கிலோவாட்.

முதல் கியரில் வேகம் 4 மடங்கு குறைகிறது. பின் அச்சிலுள்ள பற்சக்கரங்களில் மேலும் 4 மடங்கு குறைகிறது. ஆக மொத்தம் 16 மடங்கு. அப்படியானால் சக்கரத்தில் 1,600 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். சக்கரத்தின் ஆரம் 0.3 மீட்டர் எனில், காரைத் தள்ளும் விசை சுமார் 5,330 நியூட்டன். வேகம் மணிக்கு 21 கிலோமீட்டர். நான்காம் கியரில் பெட்டிக்குள் வேகம் குறைவதில்லை. அப்போது விசை சுமார் 1,330 நியூட்டன். வேகம் மணிக்கு 85 கிலோமீட்டர். உராய்வு இழப்பை இங்கே நாம் சேர்க்கவில்லை.

இரண்டிலும் விசையை வேகத்தால் பெருக்கிப் பாருங்கள். அதே 31.4 கிலோவாட்தான் வரும். கியர் பெட்டி, நோட்டுக்குச் சில்லறை தரும் கடைக்காரரைப் போன்றது. கேட்ட வடிவில் மாற்றித் தரும். ஒரு பைசாவும் கூட்டித் தராது. தானியங்கியானாலும் கைக்கியரானாலும் இந்த வேலை ஒன்றேதான்.

இரண்டு வகை இணைப்பு

வேறுபாடு இன்னோர் இடத்தில் இருக்கிறது. சாலையில் கார் நிற்க வேண்டும். ஆனால் எஞ்சின் நிற்கக் கூடாது. பிறகு ஓடும் எஞ்சினோடு நிற்கும் சக்கரத்தை அதிர்ச்சியின்றி இணைக்க வேண்டும். எப்படி?

கைக்கியர் காரில் இதைச் செய்வது கிளட்ச். எஞ்சினுடன் சுழலும் கனத்த சக்கரத்தின்மீது உராய்வுத் தட்டு ஒன்றை வில்கள் அழுத்திப் பிடித்திருக்கும். மிதியை அழுத்தினால் தட்டு விலகும். மெல்ல விட்டால் வழுக்கிக்கொண்டே பற்றும். எஞ்சின் ஒரே வேகத்தில் சுழல, சமதளத்தில் கார் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கார் எவ்வளவு இயக்க ஆற்றல் பெறுகிறதோ, கிளட்சில் அவ்வளவு ஆற்றல் வெப்பமாகும். 1,200 கிலோகிராம் கார் நொடிக்கு 5 மீட்டர் வேகம் பெற்றால் அதன் இயக்க ஆற்றல் 15,000 ஜூல். கிளட்சில் தோன்றும் வெப்பமும் 15,000 ஜூல்! 'ஹாஃப் கிளட்சில் ஓட்டாதே' என்று ஓட்டுநர்கள் கண்டிப்பது இதனால்தான்.

தானியங்கியில் இணைப்பது எண்ணெய். இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். அது தள்ளும் காற்றில் மற்றதும் சுழலக் காண்பீர்கள். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை நிரப்பி, விசிறிகளை மூடிய கூட்டுக்குள் வைத்தால் திரவ இணைப்பு கிடைத்துவிடும். திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றி உதவ மூன்றாவது சக்கரம் ஒன்றைச் சேர்த்தால், புறப்படும்போது திருப்பு விசை ஏறத்தாழ இரு மடங்காகும். இதுவே டார்க் கன்வர்ட்டர். ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905ஆம் ஆண்டில் இந்த முறையைக் கப்பல்களுக்காக உருவாக்கினார். திரவ இணைப்பைக் கொண்ட ஹைட்ராமேட்டிக் என்னும் தானியங்கிக் கியரை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் அளித்தது.

எண்ணெயில் ஒரு குறை உண்டு. தள்ளும் சக்கரத்தைவிடத் தள்ளப்படும் சக்கரம் சற்றுப் பின்தங்கியே சுழலும். 5 விழுக்காடு பின்தங்கினால் நம் 31.4 கிலோவாட்டில் ஏறத்தாழ 1.6 கிலோவாட் வெப்பமாகிவிடும். வெந்நீர் போடும் ஹீட்டர் ஒன்றை எண்ணெய்க்குள் ஓயாமல் எரியவிட்டது போல! அதனால் எண்ணெயைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குக் குழாய்கள் போகும்.

எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

இப்போது நண்பரின் காருக்கு வருவோம். தானியங்கி வண்டியில் எஞ்சின் தண்டின் முனையில் மெல்லிய எஃகுத் தட்டுதான் இருந்தது. எண்ணெய் நிறைந்த கன்வர்ட்டரே கனத்த சக்கரமாகவும் உதவியது. அது போனதும் ஃப்ளைவீல் தனியாக வேண்டும்; அதன்மேல் கிளட்ச் வேண்டும். புதிய பெட்டியின் தண்டைத் தாங்க எஞ்சின் தண்டின் முனையில் ஒரு சிறு பேரிங் வேண்டும். மூன்றாவது மிதி வேண்டும். பெட்டியின் நீளம் வேறானதால் பின் அச்சுக்குப் போகும் நீண்ட தண்டையும் அளவு மாற்ற வேண்டியதாயிற்று. எண்ணெய்க் குழாய்கள் அடைக்கப்பட்டன.

இத்தனையும் நன்றாகவே நடந்தன. விடுபட்டது ஒன்றே ஒன்று.

தானியங்கிக் காரில் 'பி' அல்லது 'என்' என்ற நிலையில் நெம்புகோல் இல்லாவிட்டால் எஞ்சினைக் கிளப்ப முடியாது. அதற்கென ஒரு மின் சுவிட்ச் உண்டு. பழைய பெட்டியோடு அந்தச் சுவிட்சும் போயிற்று. அதற்கு வந்த இரண்டு கம்பிகளை முறுக்கிச் சேர்த்துவிட்டார்கள். கார் கிளம்பியது, யாரும் மேலே யோசிக்கவில்லை. 'பி' நிலையில் வெளித்தண்டைப் பூட்டி நிறுத்தும் கொக்கியும் இப்போது இல்லை. ஆகையால் சரிவான வாசலில் நிறுத்தும்போது, நண்பர் கைப்பிரேக் போட்டு முதல் கியரிலும் விட்டிருந்தார். அது சரியான முறையே.

ஒரு நாள் காலை, "எஞ்சின் ஓசையைக் கேளுங்கள் சார்" என்றார் நண்பர். நான் பழைய பழக்கத்தில் ஜன்னல் வழியே கைவிட்டுச் சாவியைத் திருப்பினேன். எஞ்சினைச் சுழற்ற வேண்டிய ஸ்டார்ட்டர் மோட்டார், கியரின் வழியே காரையும் சேர்த்துத் தள்ளியது. வண்டி ஓர் அடிக்கு மேல் முன்னே பாய்ந்தது. சற்று முன்புவரை அந்த இடத்தில் குனிந்து விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த நண்பரின் மகன், துணியை அலசக் குழாயடிக்குப் போயிருந்தான். அவன் விட்டுச்சென்ற வாளி நசுங்கிப்போயிற்று. இயற்பியல் கற்பிக்கும் நான் அன்று வெகுநேரம் பேசவில்லை.

மறு வாரமே கிளட்ச் மிதியின் கீழ் ஒரு சிறு சுவிட்சைப் பொருத்தி, அந்த இரண்டு கம்பிகளையும் அதனுடன் இணைத்தார்கள். இப்போது மிதியை முழுவதும் அழுத்தினால் மட்டுமே ஸ்டார்ட்டர் வேலை செய்யும். இக்காலக் கைக்கியர் கார்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு தொழிற்சாலையிலேயே செய்யப்படுகிறது.

ஒரு கருவியை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கும்போது, பழையது செய்துவந்த வேலைகள் அனைத்தையும் பட்டியலிட வேண்டும். வெளியே தெரியும் வேலைகளை யாரும் மறப்பதில்லை. ஓசையின்றி நம்மைக் காத்துவந்த வேலைதான் மறந்துபோகும். அதை இனி யார் செய்வார் என்று கேட்டுவிட வேண்டும்.

இன்று சாலையில் இதற்கு நேர்மாறான மாற்றத்தையும் காணலாம். 2014ஆம் ஆண்டில் மாருதி செலேரியோ காரில் வந்த ஏ.எம்.டி. முறையில் இருப்பது கைக்கியர் பெட்டிதான், கிளட்சும் உண்டு. ஆனால் அவற்றை இயக்குவது மனிதரின் கையும் காலும் அல்ல, கணினியின் கட்டளை. பற்சக்கரங்கள் மாறவில்லை, பொறுப்பேற்றவர் மாறிவிட்டார்.

அடுத்த முறை சுண்ணாம்புக்கல் லாரி மேடேறும்போது சாலையோரம் நின்று கேளுங்கள். ஓசை அறுபடும் அந்தக் கணத்தில் கிளட்ச் என்ன செய்கிறது, பற்சக்கரங்கள் என்ன செய்கின்றன, ஓட்டுநர் என்ன செய்கிறார் என்று தனித்தனியே சொல்ல முடிகிறதா, பாருங்கள்!