திருத்துகிறவர் யார்? : விக்கிப்பீடியாவும் கல்லூரி வகுப்பறையும்

ஒரு தவறிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்து மிடில்பெரி கல்லூரியில் ஜப்பானிய வரலாறு படித்த மாணவர்கள் சிலர், 1637-38இல் நடந்த ஷிமபாரா எழுச்சிக்கு யேசு சபையினர் துணைநின்றதாக ஒரேமாதிரி எழுதியிருந்தனர். கிறித்தவம் தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. உதவும் நிலையிலேயே அவர்கள் இல்லை. தகவல் வந்த இடம் விக்கிப்பீடியா. 2007இல் வரலாற்றுத் துறை முடிவெடுத்தது: விக்கிப்பீடியாவை வாசிக்கலாம், மேற்கோள் காட்டக்கூடாது.

நியாயம்தானே என்று தோன்றும். எந்தக் கலைக்களஞ்சியமும் ஆய்வுக்கு முடிந்த முடிபாகாது. ஆனால் இவ்விதி மாணவரை வாசகராக மட்டுமே பார்க்கிறது என்பது கவனத்திற்குரியது.

அச்சிட்ட பாடநூல் நம் கைக்கு வரும்போது முடிந்துபோன பிரதி. யார் சேர்த்தது, யார் அடித்தது, என்ன சண்டை நடந்தது, ஒன்றும் தெரியாது. யாரும் எழுதித் திருத்தக்கூடிய விக்கிப்பீடியாவிலோ ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் 'வரலாறு', 'உரையாடல்' என இரு பக்கங்கள் உண்டு. எந்தச் சொல் எந்த நாளில் நுழைந்தது, எவர் மறுத்தார், என்ன சான்று கேட்டார் எல்லாம் அங்கே கிடக்கிறது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும் இதே ஏற்பாடுதான். அறிவு சொல்லாடல்களால் கட்டமைக்கப்படுவது என்று வாய்வலிக்கச் சொல்கிறோமே, அது கண்ணெதிரே நடக்கிற இடம் இது. வகுப்பறையோ இதைத் தாண்டிப்போய், 'நம்பலாமா, கூடாதா' என்று மட்டும் கேட்கிறது.

சரி, மாணவரை எழுதவிட்டால் போதுமா? போதாது. 2011இல் புனே நகரக் கல்லூரிகள் சிலவற்றில் விக்கிப்பீடியாவுக்கு எழுதுவது பாடவேலையாக்கப்பட்டது. பலர் புத்தகங்களிலிருந்தும் இணையத்திலிருந்தும் அப்படியே எடுத்து ஒட்டினார்கள். தன்னார்வலர்கள் நீக்கி நீக்கி அலுத்தார்கள். அந்த ஆண்டே திட்டம் நின்றது. பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. நோட்ஸை மனப்பாடம் பண்ணிக் கக்கினால் மதிப்பெண் என்று பழக்கியவர்கள் நாம்தான். கருவி புதிதென்றாலும் பிரதிக்கும் மாணவருக்குமான அதிகார உறவு பழையதாகவே இருந்தது.

ஆக, முதலில் எழுதச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு கட்டுரையின் உரையாடல் பக்கத்தை வகுப்பில் சேர்ந்து வாசிக்கலாம். ஒரு வாக்கியத்துக்குச் சான்று தேடி நூலகம் போகலாம். பிறகு திருத்தலாம், ஆசிரியர் எழுதியதையும் சேர்த்து. 'சார், நீங்க சொன்னது தப்பு' என்று ஒரு மாணவி சான்றோடு சொல்ல முடிகிற வகுப்பில்தான் இந்தக் கருவிக்கு வேலை. மற்ற இடங்களில் கணினி இன்னொரு கரும்பலகை, அவ்வளவுதான்.