டயாலிசிஸ் சிகிச்சையில் முறையும் கவனமும்

அமராவதிப் பாசனத்தில் பயிர் செய்யும் அங்கத்தினர்களுக்கு முறைத் தண்ணீர் என்றால் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. இன்ன மடைக்கு இன்ன நாள், இன்ன நேரம் என்று வகுத்திருக்கிறார்கள். மேல்மடைக்காரர் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் திருப்பிக்கொண்டால் கடைமடைக்காரருடைய நாற்று வாடுகிறது. ஆயினும் ஒரு முறை தப்பிய பயிர் அடுத்த முறையில் ஓரளவு தேறக்கூடும். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு மருத்துவமனையில் வகுக்கப்படும் முறையோ அத்தகையதன்று. அங்கே முறை தப்பினால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து உண்டாகிறது.

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது, வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் தறியில் அமராத அங்கத்தினர்களைப் பற்றி நாம் விசாரிப்பது வழக்கம். "டயாலிசிஸுக்குப் போயிருக்கிறார்" என்ற விடை இப்போது பல ஊர்களில் கிடைக்கிறது. அவர்களோடு பேசிப் பார்த்தால், நோயைப் பற்றிய முறையீட்டைவிடக் காத்திருத்தலையும் கவனக் குறைவையும் பற்றிய முறையீடே மேலோங்கி நிற்கிறது. அந்த முறையீட்டில் எவ்வளவு நியாயம் உண்டு, அதற்குக் காரணம் யாது, பரிகாரம் யாது என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

168 மணி நேர வேலை

நமது இரு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் பெரும்பகுதியை மீண்டும் இரத்தத்திலேயே சேர்த்துவிட்டு, ஒன்று அல்லது ஒன்றரை லிட்டரை மட்டும் கழிவுடன் சிறுநீராக வெளியேற்றுகின்றன. வாரத்தின் 168 மணி நேரமும் இவ்வேலை ஓய்வின்றி நடைபெறுகிறது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் நெடுங்காலம் கவனிக்கப்படாமல் இருந்தால் இந்த வடிகட்டிகள் பழுதடைகின்றன. மருத்துவர் சொல்லாமல் வலி மாத்திரைகளை ஓயாது விழுங்குவதும் அவற்றுக்குக் கேடு செய்கிறது.

பழுதுபட்ட சிறுநீரகத்தின் வேலையை இயந்திரத்தைக் கொண்டு செய்விக்கலாம் என்பதை ஹாலந்து நாட்டு மருத்துவர் வில்லம் கோல்ஃப் என்பவர், உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943 ஆம் ஆண்டில் செய்து காட்டினார். 1960 இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்பவர் கையில் நிலையாகப் பொருத்தி வைக்கும் குழாயை அமைத்தார். அதன் பிறகே ஒருவருக்கு இச்சிகிச்சையை மீண்டும் மீண்டும் பல ஆண்டுகள் செய்ய வழி பிறந்தது. கையிலுள்ள தமனியையும் சிரையையும் இணைத்து ஊசி ஏற்றும் இடத்தை உண்டாக்கும் முறை 1966 இல் நியூயார்க் மருத்துவர்களால் வெளியிடப்பட்டது. ஃபிஸ்துலா எனப்படும் இந்த இணைப்பே இன்றும் சிறந்ததாகக் கருதப்படுகிறது.

வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என்பது பொதுவான அளவு. அதாவது 168 மணி நேர வேலையை இயந்திரம் 12 மணி நேரத்தில் செய்ய வேண்டியிருக்கிறது. வாரம் இரு முறை மட்டும் செய்துகொள்பவருக்கு 8 மணி நேரமே கிடைக்கிறது. ஆகவே இங்கே அரை மணி நேரம் குறைவதும் அற்பமான குறைவன்று.

நேரம் ஏன் தவறுகிறது?

ஓர் இயந்திரம் நாளொன்றுக்கு மூன்று முறை, வாரத்தில் ஆறு நாள் ஓடுவதாகக் கொள்வோம். மொத்தம் 18 முறைகள் ஆகின்றன. வாரம் மூன்று முறை வேண்டுவோர் என்றால் ஓர் இயந்திரம் 6 பேருக்கும், இரு முறை வேண்டுவோர் என்றால் 9 பேருக்கும் போதுமானதாகும். பத்து இயந்திரங்கள் உள்ள ஒரு நிலையம் வாரம் மூன்று முறை வீதம் 60 பேரைத்தான் ஏற்க முடியும். அறுபத்தோராவது நபர் வந்து நிற்கும்போது, ஒன்று அவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். அல்லது வேறு சிலருடைய முறையைக் குறைக்க வேண்டும்.

இது மட்டுமன்று. ஒரு முறை முடிந்ததும் இயந்திரத்தைக் கிருமி நீக்கம் செய்ய வேண்டும். மஞ்சள் காமாலைக் கிருமி உள்ளவர்களுக்குத் தனி இயந்திரம் ஒதுக்க வேண்டும். ஒருவருக்கு நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய 120 லிட்டர் மிகத் தூய நீர் வேண்டும். அந்நீரை ஆர்.ஓ. யந்திரத்தில் வடித்தே பெற வேண்டும். 2011 ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட காலந்தொட்டு, ஆர்.ஓ. என்னும் சொல் நம் பகுதியில் தெரியாதவர் இல்லை. அந்த யந்திரம் ஒரு மணி நேரம் நின்றால் சாயப்பட்டறையில் துணி காத்திருக்கும். மருத்துவமனையில் மனிதர் காத்திருக்க நேரும். காலை முறையில் ஏற்பட்ட ஒரு மணித் தாமதம் பகல் முறையைத் தள்ளி, மாலை முறையில் இரண்டு மணியாக வளர்ந்து நிற்கும்.

தாராபுரத்துக்கு இரயில் பாதை இல்லை. திருப்பூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். கோயம்புத்தூர் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். மூலனூர், குண்டடம், அலங்கியம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து பெருநகர மருத்துவமனைக்குச் செல்பவர் விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து, குறித்த நேரத்தில் போய்ச் சேருகிறார். நாற்காலி காலியாகவில்லை. சிகிச்சை முடியும்போது ஊருக்குத் திரும்பும் பேருந்து போய்விடுகிறது. இந்த அச்சத்தினாலேயே, "மூன்று மணி நேரம் போதும், கழற்றிவிடுங்கள்" என்று நோயாளியே கேட்கும் நிலை உண்டாகிறது. தாமதத்தின் நட்டம் கடைசியில் அவர் உடலின் மீதே எழுதப்படுகிறது.

இடைவெளியின் ஆபத்து

சிறுநீர் வெளியேறாதவருக்கு, குடித்த நீர் உடலிலேயே தங்குகிறது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. அது நுரையீரலில் தேங்கினால் மூச்சுத் திணறும். உணவிலுள்ள பொட்டாசியம் என்னும் உப்பும் இரத்தத்தில் ஏறுகிறது. அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பே நின்றுவிடக்கூடும். நம் தோப்புகளில் தாராளமாகக் கிடைக்கும் இளநீர் மற்றவர்களுக்கு நல்ல பானம். பொட்டாசியம் மிகுந்திருப்பதால் டயாலிசிஸ் நோயாளிக்கு அது விலக்கு.

அமெரிக்காவில் 32,065 நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2011 இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. வாரம் மூன்று முறை சிகிச்சை பெறுவோரில், இரண்டு நாள் இடைவெளிக்குப் பிந்திய நாளில் மரணங்கள் மற்ற நாட்களைவிட மிகுதி என்று அது காட்டிற்று. ஞாயிறு விடுமுறையால் நேரும் அந்த ஒரு நாள் கூடுதல் இடைவெளியே இவ்வளவு செய்யுமானால், "இன்று இயந்திரம் சரியில்லை, நாளை மறுநாள் வாருங்கள்" என்று தொலைபேசியில் சொல்லிவிடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சிந்தியுங்கள்.

கவனக் குறைவு எது?

திருவள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பணிபுரிபவர் என நான்கு கூறாக வகுத்தார். டயாலிசிஸ் நிலையத்தில் நான்காம் கூறே அதிக நேரம் நோயாளியின் அருகில் இருக்கிறது. பல நோயாளிகளை ஒரே தொழில்நுட்பர் கவனிக்கும்போது அவர் மீது சுமை மிகுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் சுமை வேறு, அலட்சியம் வேறு. கீழ்க்கண்டவை எந்தச் சுமையிலும் விடப்படலாகாதவை:

1. தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் எடை பார்த்தல். மிகுநீர் அனைத்தும் நீங்கிய நிலையில் இருக்க வேண்டிய எடையை உலர் எடை என்பர். நோயாளி மெலிந்தாலும் பருத்தாலும் அது மாறும். பல மாதங்களுக்கு முன் எழுதிய உலர் எடையை வைத்தே நீரை இழுத்தால், கெண்டைக்கால் பிடிப்பும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் உண்டாகும். அல்லது நீர் உள்ளேயே தங்கும்.

2. சிகிச்சையின் நடுவே இரத்த அழுத்தத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தல். இயந்திரத்தின் எச்சரிக்கை ஒலி எழுந்தால், காரணம் அறியாமல் ஒலியை மட்டும் நிறுத்துவது தவறு.

3. ஊசி ஏற்றுமுன் கை கழுவுதலும், ஃபிஸ்துலா உள்ள கையைச் சோதித்தலும். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்ப்பதோ, வேறு ஊசி போடுவதோ கூடாது.

4. சிகிச்சை போதுமானதா என்று இரத்தப் பரிசோதனையால் காலந்தோறும் அளந்து, முடிவை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்லுதல்.

நோயாளி கேள்வி கேட்டால் கோபிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கேட்டவருடைய முறையைத் தள்ளிவிடுவார்களோ என்ற அச்சத்தால் பலர் வாய் திறப்பதில்லை. பேரவையில் எழுந்து கேட்க அஞ்சும் அங்கத்தினருள்ள சங்கம் எப்படிச் சீர்கெடுமோ, அப்படியே இதுவும் சீர்கெடும்.

அங்கத்தினர் செய்யத்தக்கது

முதலாவது, கணக்கு. எழுதாத கணக்கு கணக்காகாது என்பது கூட்டுறவாளர் அறிந்ததே. பால் சங்கத்தில் ஊற்றுபவர் அட்டை வைத்திருப்பதுபோல, ஒவ்வொரு நோயாளியும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ள வேண்டும். தேதி, சொல்லப்பட்ட நேரம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், முன் எடை, பின் எடை, இரத்த அழுத்தம், நேர்ந்த தொல்லை ஆகியவற்றை அன்றன்றே குறிக்க வேண்டும். "எப்போதும் தாமதம்" என்ற சொல்லுக்கு எவரும் மறுமொழி கூறிவிடலாம். பன்னிரண்டு முறைகளில் ஏழு முறை நான்கு மணி நேரம் நிறைவேறவில்லை என்று தேதியோடு எழுதிக் காட்டினால் அதற்கு எவரும் விடை சொல்லியே தீர வேண்டும்.

இரண்டாவது, எழுத்து மூலமான விண்ணப்பம். முதலில் நிலையப் பொறுப்பாளரிடமும், பின்னர் மருத்துவமனையின் தலைமை அதிகாரியிடமும் கொடுக்கலாம். அதிலும் தீராவிடில் திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் நடத்தும் மக்கள் குறைதீர் நாள் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் 104 என்ற தொலைபேசி எண் மருத்துவ ஆலோசனைக்கும் முறையீட்டுக்கும் உரியது. மருத்துவக் குறிப்புகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002 ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் கூறுகின்றன. கட்டணம் பெற்றுச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995 இல் தீர்ப்பளித்திருக்கிறது.

மூன்றாவது, உரிய திட்டங்களை அறிதல். 2012 இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் அடங்கும். 2016 இல் அறிவிக்கப்பட்ட தேசிய டயாலிசிஸ் திட்டத்தின் நோக்கம், மாவட்ட மருத்துவமனைகளில் ஏழைகளுக்கு இலவசமாக இச்சிகிச்சை அளிப்பது. மருத்துவர் தகுதி என்று கருதினால், வயிற்றில் திரவம் ஏற்றி இறக்கி வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் முறையும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே தர வகை செய்யப்பட்டது. மிகுந்த தூய்மை இன்றியமையாதது. தவறினால் வயிற்றினுள் கிருமி தொற்றும். ஆனால் பேருந்துக்கும் நாற்காலிக்கும் காத்திருக்கும் தொல்லை இதில் இல்லை.

சங்கம் செய்யத்தக்கது

ஒரே திசையிலிருந்து ஒரே நாளில் செல்லும் நோயாளிகளின் பட்டியலைச் சங்கச் செயலாளர் தயாரித்தால், அனைவருக்கும் ஒரே முறையில் இடம் கேட்டு, ஒரு வாடகை வண்டியைப் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு செய்யலாம். துணைவிதிகள் இடந்தரும் அளவில் பொது நல நிதியிலிருந்து உதவலாம். நெசவாளர் சங்கம், நோயாளியான அங்கத்தினருக்குப் பாவு கொடுக்கும்போது துணி ஒப்படைக்கும் கெடுவை நீட்டிக் கொடுக்கலாம். ஆண்டுக்கொரு முறை சங்க வளாகத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை, கிரியேட்டினின் பரிசோதனை முகாம் நடத்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை வேண்டலாம். நாற்காலி தேடி அலையும் நிலை வராமல் காப்பதே எல்லாவற்றினும் மலிவான வைத்தியம்.

ஜப்பானில் தோயோஹிக்கோ ககாவா முதலியோர் 1932 இல் தோக்கியோவில் மருத்துவக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை நிறுவினர். நோயாளியே மருத்துவமனையின் அங்கத்தினராக இருப்பது அதன் அடிப்படை. மருத்துவமனை நடத்தும் வலிமை நமது சிறு சங்கங்களுக்கு இன்று இல்லாமலிருக்கலாம். ஒன்றுசேர்ந்து கேட்கும் வலிமை உண்டு.

1962 இல் சியாட்டில் நகரில் இயந்திரங்கள் மிகச் சிலவே இருந்தன. எவருக்குச் சிகிச்சை, எவருக்கு இல்லை என்று தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைக்க வேண்டியதாயிற்று. பத்து ஆண்டுகளுக்குப் பின், 1972 இல், சிறுநீரகம் செயலிழந்தோரில் பெரும்பாலோர்க்கும் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் சட்டம் அந்நாட்டில் நிறைவேறிற்று. நாற்காலிப் பஞ்சம் இயற்கை தந்ததன்று என்பதை அது காட்டிற்று. எத்தனை நாற்காலிகள் வேண்டும் என்பதை ஒரு சமுதாயம் தன் பணத்தை எண்ணும்போது முடிவு செய்கிறது. அந்த முடிவு நமக்குச் சாதகமாக அமைய வேண்டுமானால், எத்தனை பேர் காத்திருக்கிறோம், எத்தனை மணி நேரம் இழக்கிறோம் என்ற கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். சங்கந்தோறும் அக்கணக்கை இம்மாதமே தொடங்குமாறு அங்கத்தினர்களையும் செயலாளர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.