வெப்பமும் குளிரும்: கஞ்சாச் செடியின் எதிர்வினைகள்

தாவரங்கள் இடம்பெயர இயலாதவை. ஆதலின் வெப்பமோ குளிரோ மிகும்போது அவை தம் உடலியக்கத்தையே மாற்றிக்கொள்கின்றன. இமயமலைச் சரிவுகளில் தானாகவும் வளரும் கஞ்சாச் செடி இதற்கு நல்ல சான்றாகும்.

இச்செடியின் ஒளிச்சேர்க்கை 25 முதல் 30 பாகை செல்சியசு அளவில் சிறப்பாக நிகழ்கின்றது. வெப்பம் இதனினும் மிகுந்து நீரும் குறையுமாயின் இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. நீரிழப்பு தடைப்படுகின்றது, ஆனால் கரியமிலவாயு உட்புகுவதும் இலை குளிர்வதும் உடன் குறைகின்றன. இலை விளிம்புகள் மேல்நோக்கிச் சுருள்கின்றன. உயிரணுவினுள் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் பெருகி, ஏனைய புரதங்கள் உருக்குலையாவண்ணம் காக்கின்றன. இலை இவ்வாறு மீளக்கூடும். மகரந்தம் மீள்வது அரிது. பூக்கும் காலத்துக் கடும் வெப்பம் மகரந்தத்தின் முளைதிறனைக் கெடுப்பதால் விதை விளைவு குறைகின்றது.

குளிரின் தாக்கம் வேறு வகையினது. உயிரணுச் சவ்வின் கொழுப்பு குளிரில் இறுகுகின்றது. அதன் விளைவாகக் கால்சியம் அயனிகள் உட்புகுந்து, குளிர்காப்பு மரபணுக்கள் தூண்டப்படுகின்றன. சர்க்கரையும் புரோலின் என்னும் அமினோ அமிலமும் சேர்கின்றன. சில வகைகளில் ஆந்தோசயனின் நிறமி மிகுந்து இலை ஊதாநிறம் பெறுகின்றது. இம்மாற்றங்கள் நிறைவுறப் பல நாள்கள் வேண்டும். அதற்குமுன் உறைபனி வீழுமாயின், உயிரணுக்களுக்கு இடையே தோன்றும் பனிப்படிகங்கள் உள்நீரை ஈர்த்துக்கொள்ள, இளந்தளிர்கள் கருகுகின்றன.

எனவே வெப்பநிலையின் அளவு மட்டுமன்று, அது நேரும் பருவமும் முதன்மையானது. பெரும்பாலான வகைகளில் பூக்கும் காலத்தை முடிவு செய்வது பகலின் நீளமேயாகும். கோடை கடுமையாயினும் செடி பூப்பதை விரும்பியவாறு தள்ளிப்போட இயலாது.

இவ்வுண்மை உத்தராகண்டில் நடைமுறைச் சிக்கலாக எழுகின்றது. குமாவுன், கடுவால் பகுதி மக்கள் நாருக்காகவும் துவையலுக்குரிய விதைக்காகவும் இச்செடியை நெடுங்காலமாகப் பயிரிட்டு வருகின்றனர். தொழில்துறைச் சாகுபடிக்கு அம்மாநிலம் 2018இல் உரிமம் வழங்கத் தொடங்கியது. மயக்கந்தரும் டெட்ரா ஹைட்ரோ கன்னாபினால் 0.3 விழுக்காட்டை மிஞ்சலாகாது என்பது வரம்பு. உள்ளூர்ச் செடிகள் பல இவ்வரம்பைக் கடப்பன. வரம்புக்கு உட்பட்ட ஐரோப்பிய வகைகளோ நீண்ட கோடைப் பகலுக்கு உரியவை. பகல் குறுகிய இம்மண்ணில் அவை முன்னதாகவே பூத்து, தாழ்நிலங்களில் கோடை வெப்பத்திற்கு ஆளாகக்கூடும். மழைக்காலத்தில் வளர்ந்து இலையுதிர்காலத்தில் முற்றும் உள்ளூர் விதைகளிலிருந்தே மயக்கப்பொருள் குறைந்தவற்றைத் தேர்ந்து பெருக்குவது, சட்டத்திற்கும் தட்பவெப்பத்திற்கும் ஒருங்கே பொருந்தும் வழியாகும்.