மனம் ஆற எத்தனை நாள் வேண்டும்?

1987 இல் வடமராட்சியில் நடந்த இராணுவ நடவடிக்கையைக் கண்டவர்கள், 1995 இல் இடம்பெயர்ந்து வந்தவர்கள், 2009 வரை வன்னியில் அகப்பட்டு மீண்டவர்கள் என உடுப்பிட்டியிலும் அயற்கிராமங்களிலும் போரின் சுமையோடு வாழும் பெண்கள் பலர். நித்திரையின்மை, நெஞ்சுப் படபடப்பு, தலையிடி, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல் என்று அந்தச் சுமை உடலிலும் தெரிகின்றது. “அறிதுயில் செய்தால் ஒரே நாளில் சுகம் வருமா?” என்று இவர்கள் கேட்பது நியாயமே.

அறிதுயில் என்பது என்ன?

ஹிப்னோட்டிசம், மனோவசியம் என்றும் இதனைச் சொல்வார்கள். இது மயக்கமும் அல்ல, நித்திரையும் அல்ல. உடலைத் தளர்த்தி, மனதை ஒரு குரலிலோ மூச்சிலோ நிலைநிறுத்தி, நல்ல எண்ணங்களை ஏற்கும் நிலையே அது. அந்நிலையிலும் சுற்றி நடப்பது உங்களுக்குத் தெரியும். விரும்பாததை மறுக்கவும் முடியும். யாழ்ப்பாணத்துக்கு இது புதிதன்று. 1928 இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்த கேரளத்தவரான ஆபிரகாம் கோவூர், பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களின் மனத்துன்பத்தைத் தீர்க்கப் பிற்காலத்தில் இம்முறையைக் கையாண்டார்.

எத்தனை அமர்வுகள்?

முதல் அமர்விலேயே சிலருக்கு உடல் இலேசாகும். அந்த ஆறுதல் நிலைக்கப் பல வாரங்கள் வேண்டும். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தீராத குடற்கோளாறு உள்ள 30 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வு 1984 இல் வெளியானது. அதில் அறிதுயில் சிகிச்சை பெற்றவர்கள் மூன்று மாதங்களில் அரைமணி நேர அமர்வுகள் ஏழில் நன்கு தேறினார்கள்.

போரால் வந்த மனவடுவுக்கு அறிதுயிலைவிட, நடந்ததைப் பாதுகாப்பாகப் பேசி ஆற்றும் முறைகளே முதலில் பரிந்துரைக்கப்படுகின்றன. பிரித்தானியாவின் 2018 ஆம் ஆண்டு வழிகாட்டி இதற்கு 8 முதல் 12 அமர்வுகள் என்கின்றது. பல இழப்புகளைக் கண்டவர்களுக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படலாம்.

ஆழிப்பேரலைக்குப் பின் எமது வடகிழக்கில் 31 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2009 இல் வெளியானது. ஒரு பகுதியினர் தம் கதையைச் சொல்லி ஆறினர்; மற்றவர்கள் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தனர். இரு பகுதியினருக்கும் ஆறு அமர்வுகளே. வழிநடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆற்றுப்படுத்துநர்கள். ஆறு மாதங்களின் பின் முதற் பகுதியில் 81 வீதமானோரும் இரண்டாவதில் 71 வீதமானோரும் தேறியிருந்தனர்.

வீட்டில் செய்யக்கூடியது

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், மூச்சுப்பயிற்சி, சாந்தியாசனம், மந்திர உச்சரிப்பு போன்ற எமக்குப் பழக்கமான முறைகளையே சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். சைவர் ‘ஓம்’ என்றும், கிறிஸ்தவர் செபமாலையோடும், இஸ்லாமியர் திக்ரோடும் இதனைச் செய்யலாம். தினமும் பதினைந்து நிமிடம், ஒரே நேரத்தில், சில வாரங்கள் விடாது செய்யுங்கள். நித்திரையில் வரும் மாற்றத்தைக் கொப்பி ஒன்றில் குறித்து வாருங்கள். செய்யும்போது பழைய காட்சிகள் வந்து வருத்தினால் நிறுத்திவிட்டு, கண்ணைத் திறந்து, சுற்றியுள்ள பொருட்களைப் பாருங்கள்.

ஏமாறாதீர்கள்

காணாமல்போன மகனுக்கோ கணவனுக்கோ என்ன நடந்தது என்பதை அறிதுயிலால் அறியமுடியாது. அந்நிலையில் எழும் நினைவுகளில் கற்பனையும் கலந்துவிடும். கற்பனையே உண்மைபோலத் தோன்றும். அப்படிச் சொல்லிக் காசு கேட்பவரை நம்பவேண்டாம். “ஒரே அமர்வில் எல்லாவற்றையும் மறக்கச் செய்வேன்” என்பவரையும் நம்பவேண்டாம். தனியறையில் சிகிச்சை என்றால் நம்பிக்கையான ஒரு பெண்ணைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். இல்லாத குரல்கள் கேட்பவர்களுக்கும் கடும் சந்தேகம் உள்ளவர்களுக்கும் அறிதுயில் ஏற்றதல்ல. உளமருத்துவர் தந்த மருந்தை யார் சொன்னாலும் திடீரென நிறுத்தாதீர்கள்.

நித்திரையும் படபடப்பும் சில வாரங்களில் சீராகலாம். இழந்தவரை நினைத்து அழுவது நோயன்று. அதற்குக் கெடு வைக்க எவராலும் முடியாது. ஆனால் ஒரு மாதமாகியும் சமைக்க, வேலைக்குப் போக, பிள்ளைகளைக் கவனிக்க முடியாதிருந்தால் காத்திருக்கவேண்டாம். உடுப்பிட்டியில் இருப்பவர்களுக்கு மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை அதிக தூரமில்லை. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள்; தேசிய உளநல உதவி இலக்கமான 1926 இற்கும் அழைக்கலாம்.