‘ஓகே’ தட்டினால் சம்மதமா? வாட்ஸ்அப் விவகாரத்தில் ரூ.213 கோடி அபராதம் வந்த கதை

ராயபுரம் கல்மண்டபம் பகுதியில் செல்போன் இல்லாத கையை பார்ப்பது கஷ்டம். காசிமேட்டில் படகு கரைக்கு வந்ததும் மீன் போட்டோ வாட்ஸ்அப்பில் பறக்கிறது. ஆட்டோ சவாரி, ஸ்கூல் பீஸ், மளிகை ஆர்டர் எல்லாமே அதில்தான்.

வியாபார நேரத்தில் திடீரென்று திரையில் ஒரு அறிவிப்பு வரும். ‘எங்கள் விதிமுறைகள் மாறியுள்ளன’ என்று இருக்கும். கீழே ‘ஏற்கிறேன்’ என்று ஒரு பட்டன். “இதை தட்டினாதான் உள்ள போகும்”னு நினைத்து தட்டிவிட்டு வேலையை பார்க்க போய்விடுவோம்.

அந்த ஒரு தட்டுதான் நம் சம்மதமாம்!

ஏலச்சீட்டு கட்டுகிறோம் என்று வையுங்கள். பாதி மாதம் கட்டிய பிறகு, “இனிமே கமிஷன் டபுள். இஷ்டம் இல்லன்னா விலகிக்கோ” என்றால் சும்மா விடுவோமா? தெருவே கூடிவிடும். செல்போனில் நடந்தால் மட்டும் சத்தம் வருவதில்லை.

2021-ல் நடந்தது என்ன?

வாட்ஸ்அப்பை 2014-ல் பேஸ்புக் நிறுவனம் விலைக்கு வாங்கியது. அந்த நிறுவனத்தின் இப்போதைய பெயர் மெட்டா. 2016-ல் வாட்ஸ்அப் விதியை மாற்றி, பேஸ்புக்குடன் தகவல் பகிர்வோம் என்றது. ஆனால் பழைய வாடிக்கையாளர்கள் விளம்பரத்துக்காக தங்கள் விவரத்தை பயன்படுத்த வேண்டாம் என்று சொல்ல 30 நாள் அவகாசம் தந்தது.

2021 ஜனவரியில் வந்த அறிவிப்பில் அந்த வழியும் இல்லை. பிப்ரவரி 8-ந்தேதிக்குள் ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பை பயன்படுத்த முடியாது என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் கெடு மே 15-க்கு தள்ளிப்போனது. பிறகு, ‘தகவல் பாதுகாப்பு சட்டம் வரும்வரை, ஏற்காதவர்களின் சேவையை குறைக்க மாட்டோம்’ என்று மத்திய அரசிடம் வாட்ஸ்அப் உறுதி கொடுத்தது.

இந்த உறுதிமொழியை பத்திரிகைகளில் விளம்பரம் செய்யும்படி 2023 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அதற்குள் பயந்துபோய் ‘ஓகே’ தட்டியவர்கள் எத்தனை பேரோ!

ரூ.213 கோடி அபராதம்

இந்திய போட்டி ஆணையம் இதை தானாக முன்வந்து விசாரித்தது. 2024 நவம்பர் 18-ந்தேதி மெட்டாவுக்கு ரூ.213.14 கோடி அபராதம் விதித்தது. ‘ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் வெளியே போ’ என்பது பெரிய நிறுவனம் தன் பலத்தை தவறாக பயன்படுத்துவது என்பதே ஆணையத்தின் முடிவு. எல்லோரும் அங்கேயே இருக்கும்போது ஒருவர் மட்டும் எப்படி வெளியே போவார்?

விளம்பரத்துக்காக தகவல் பகிர 5 ஆண்டு தடையும் போட்டது. 2025 நவம்பர் 4-ந்தேதி தேசிய கம்பெனி சட்ட மேல்முறையீட்டு தீர்ப்பாயம் அந்த தடையை நீக்கியது. ஆனால் அபராதத்தை உறுதி செய்தது.

என்ன தகவல் போகிறது?

நாம் அனுப்பும் தனிப்பட்ட மெசேஜை வாட்ஸ்அப் படிக்க முடியாது. அது பூட்டுப்போட்டு போகிறது. ஆனால் போன் நம்பர், என்ன மாடல் போன், இன்டர்நெட் முகவரி, எந்த கம்பெனியுடன் தொடர்பு வைக்கிறோம் போன்ற விவரங்களை பகிரலாம் என்று விதியில் இருக்கிறது. கடிதத்தை பிரிக்காவிட்டாலும், கவரின் மேல் உள்ளதை குறித்துக்கொள்வது மாதிரி.

புது சட்டம் சொல்வது

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டம் வந்தது.

இதன்படி சம்மதம் கட்டாயத்தில் வாங்கியதாக இருக்கக்கூடாது. சும்மா இருந்தால் சம்மதம் ஆகாது. எதற்கு என்பதை தெளிவாக சொல்லி கேட்க வேண்டும். தமிழ் உள்பட 22 மொழிகளில் படிக்க வசதி தர வேண்டும். கொடுத்த சம்மதத்தை திரும்ப பெறலாம். பாதுகாப்பில் கோட்டை விட்டால் ரூ.250 கோடி வரை அபராதம்.

விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. ஆனால் சம்மதம் பற்றிய பகுதி அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதம்தான் அமலுக்கு வருகிறது.

உஷாராக இருப்பது எப்படி?

* விதி மாற்ற அறிவிப்பு வந்தால் உடனே தட்டாதீர்கள். ‘இப்போது வேண்டாம்’ அல்லது மூலையில் பெருக்கல் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

* கடைசி தேதி எது என்று படியுங்கள். புரியாவிட்டால் வீட்டில் படிக்கிற பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

* செட்டிங்சில் எந்த ஆப்புக்கு என்ன அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று பாருங்கள். டார்ச் லைட் ஆப்புக்கு நம் போன் நம்பர் லிஸ்ட் எதற்கு? தேவை இல்லாததை அணைத்து விடுங்கள்.

‘மவுனம் சம்மதம்’ என்பது பெண் பார்க்கும் வீட்டில் சொல்கிற பேச்சு. செல்போன் கம்பெனிக்கு அது பொருந்தாது.