சுகாதாரப் பிரசுரங்களை எழுதும் முறை

மருத்துவர் எழுதித்தரும் சீட்டில் ஓர் எண் பிழைபட்டால், அப்பிழை ஒரு நோயாளியைத் தாக்கும். சுகாதாரத் துறையினர் அச்சிட்டு வழங்கும் பிரசுரத்தில் ஒரு சொல் பிழைபட்டாலோ, அது ஊரையே தாக்கும். ஆதலின், இத்தகைய பிரசுரங்களை வெளியிடும் நிறுவனங்கள், எழுதுவோருக்கும் திருத்துவோருக்கும் சில நடை விதிகளை வகுத்திருக்கின்றன. இலக்கணம் பற்றியவை போலத் தோன்றினும், உயிர் காப்பதே அவற்றின் நோக்கம்.

1971ஆம் ஆண்டில் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளால் மேற்கு வங்கத்துப் பன்காவ் முகாம் நிறைந்திருந்தது. அங்கே காலரா பரவிற்று. இரத்தநாளத்தின் வழியே செலுத்தும் உப்புநீர் தீர்ந்துவரவே, டாக்டர் திலீப் மஹலனாபிஸும் அவர் குழுவினரும் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு ஆகியவற்றை அளவாக நீரில் கலந்து வாய்வழியே புகட்டச் செய்தனர். நோயாளிகளின் உறவினரே அதனைப் புகட்டினர். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு, நான்குக்கும் கீழே இறங்கியது. அந்நீரைக் கலக்கும் முறை துண்டுப் பிரசுரங்களாக எல்லைப்புறத்தில் வழங்கப்பட்டது, வானொலியிலும் சொல்லப்பட்டது. மருத்துவர் அருகில் இல்லாத இடத்தில் அப்பிரசுரத்தின் சொற்களே மருத்துவராக நின்றன.

தாராவியிலும் மாதுங்காவிலும் கரோல் பாகிலும் வாழும் தமிழர்க்கு இதில் தனிப்பட்ட பொறுப்பு ஒன்று உண்டு. சுகாதார அறிவிப்பு அவர்களிடம் மராத்தியிலோ இந்தியிலோ வருகிறது. வீட்டிலுள்ள முதியோருக்கும், ஊரிலிருந்து புதிதாக வந்தோருக்கும் அதனைத் தமிழில் எடுத்துச் சொல்பவர் யாரோ ஒருவர். அவர் அறியாமலே ஒரு சுகாதாரப் பிரசுரத்தின் ஆசிரியராகிவிடுகிறார்.

வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே செய்யும் உப்புச் சர்க்கரை நீரை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் தூய நீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு: இதுவே அளவு. இந்தி அறிவிப்பில் ‘சம்மச்’ என்றிருப்பதைக் ‘கரண்டி’ என்று பெயர்த்தால் என்ன ஆகும்? நம் வீடுகளில் கரண்டி என்பது குழம்பு ஊற்றும் கரண்டியும் ஆகலாம். உப்பு மிகுந்தால் அந்நீரே குழந்தைக்குத் தீங்காகும். மிகவும் நீர்த்துப்போனாலோ பயன் குன்றும். ‘சிட்டிகை’ என்பது கைக்குக் கை வேறுபடும். ‘டம்ளர்’ வீட்டுக்கு வீடு வேறுபடும். ஆதலின், அளவைச் சொல்லும்போது எந்தக் கரண்டி, எத்தனை மில்லிலிட்டர் என்று தெளிவாகக் குறிப்பது முதல் விதி.

எண்களுக்கும் ஒழுங்கு உண்டு. அரை மில்லிகிராமை 0.5 என்று எழுத வேண்டும். வெறும் புள்ளியோடு .5 என்று எழுதினால், புள்ளி மங்கியவிடத்து அது 5 ஆகிவிடும். ஐந்தை 5.0 என்று எழுதலாகாது. புள்ளி மறைந்தால் அது 50 ஆகும். 3-4-2025 என்பது ஏப்ரலா மார்ச்சா என்ற ஐயம் எழும். மாதத்தை எழுத்தாலேயே எழுதுக.

வாக்கியத்திற்கு விதி ஒன்றே: ஒரு வாக்கியத்தில் ஒரு செயல். ‘நீர் காய்ச்சப்படுதல் வேண்டும்’ என்றால் காய்ச்சுவது யார் கடமை என்று விளங்காது. ‘காய்ச்சாத நீரைக் குடியாதிருக்க வேண்டும்’ என்பது எதிர்மறைமேல் எதிர்மறை. ‘நீரைக் காய்ச்சிக் குடியுங்கள்’ என்பதில் மயக்கம் இல்லை. ஒரு பொருளுக்கு ஒரே பெயரைத் தொடக்கம் முதல் இறுதிவரை வழங்குவதும் இன்றியமையாதது. மேலே ‘மாத்திரை’ என்றும் கீழே ‘வில்லை’ என்றும் எழுதினால், மருந்து இரண்டு என்று எண்ணுவோர் உண்டு.

நோயுற்றோரைக் குறிக்கும் சொற்களில் கவனம் இன்னும் வேண்டும். காசநோய் இருக்கக்கூடும் என்று கருதப்படுவோரை நெடுங்காலம் ‘சந்தேக நபர்’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதிவந்தனர். மருந்தை இடையில் நிறுத்தியவரைக் குற்றம் சாட்டும் சொல்லாலேயே குறித்தனர். உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் இவ்விரு சொற்களையும் விலக்கியது. புதிய நோய்களுக்கு ஊர், மக்கட் குழு, விலங்கு ஆகியவற்றின் பெயரை இடலாகாது என்று 2015இல் அறிவுறுத்தியது. 2022இல் குரங்கம்மைக்கு ‘எம்பாக்ஸ்’ என்ற பெயரைப் பரிந்துரைத்தது.

இது வெறும் நயத்தக்க பேச்சு என்று எண்ணிவிடலாகாது. எட்டுப் பேர் ஓர் அறையில் தங்கி வேலை செய்யும் நகரத்தில், இருமல் கண்ட இளைஞன் தன்னை ஊரார் எப்பெயரால் அழைப்பர் என்று அஞ்சினால், நோயை மறைப்பான். மறைத்த நோய் அவனையும் வருத்தும், அறைத்தோழர்க்கும் பரவும். ‘காசநோய் கண்டவர்’ என்று எழுதினால், மனிதர் வேறு, நோய் வேறு என்பது நிலைபெறும். மருந்தை உரிய காலம் வரை உண்டால் நோய் குணமாகும் என்பதையும் அவ்விடத்திலேயே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நிற்க. தமிழ்ச் சங்கத்திற்கோ குடியிருப்புக்கோ ஓர் அறிவிப்பை நீங்கள் பெயர்த்துத் தரும்போது இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள். மூலத்தைப் பாராத ஒருவரைக் கொண்டு உங்கள் தமிழை மீண்டும் அம்மொழியில் பெயர்க்கச் செய்து, மூலத்தோடு ஒப்பிடுங்கள். பின்னர், எழுத்தறியாத ஒரு முதியவருக்கு அதனை வாய்விட்டுப் படித்துக் காட்டி, தாம் செய்யவேண்டியது யாது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வதில் பிழை இருந்தால், திருத்த வேண்டியது அவரை அன்று, உங்கள் வாக்கியத்தை.