ஆற்றோரம் போகட்டும் சைக்கிள்

தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் புதிதல்ல. அப்பாவின் பெரிய சைக்கிளில், குறுக்குச் சட்டத்துக்கு அடியில் காலை நுழைத்து மிதித்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு பழகியவர்கள்தாமே நாம்! பால்வெட்டுக்குப் போனதும் அந்தச் சைக்கிள்தான். காய்ச்சல் கண்ட பிள்ளையை மருந்து வாங்கக் கொண்டுபோனதும் அதுதான்.

ஆனால் அண்மையில் ஒரு தாயார் என்னிடம் வந்து கண்கலங்கினார். அவர் மகன் என்னிடம் படித்தவன். இப்போது கோலாலம்பூரில் வேலை. "வாத்தியாரே, அங்கே சைக்கிளில் வேலைக்குப் போகப் போறானாம். நீங்க சொன்னா கேட்பான். வேண்டாம்னு சொல்லுங்க" என்றார்.

அந்தப் பயம் நியாயமானதே. லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே சைக்கிள் எம்மாத்திரம்? ஆனாலும், பட்டணத்துக்குள் சைக்கிளுக்கென்று வேறு வழியே இல்லையா? உண்டு, வாசகர்களே. அது தண்ணீரோரம் இருக்கிறது.

கயிறு இழுத்த பாதை

ரயில் வருவதற்கு முன், பல நாடுகளில் சரக்குகள் கால்வாய்களில் படகேறிப் போயின. கரையில் நடந்தபடி கயிறு கட்டிப் படகை இழுப்பார்கள். இங்கிலாந்தில் அந்த வேலையைக் குதிரைகள் செய்தன. லண்டன் நகருக்குள் ஓடும் ரீஜன்ட் கால்வாய் 1820இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. கயிறு உராய்ந்து உராய்ந்து பாலத்து இரும்பில் விழுந்த தடங்களை இன்றும் அங்கே காணலாம். ரயிலும் லாரியும் வந்தபின் குதிரைகள் போயின; பாதை மிஞ்சியது. இன்று அதில் சைக்கிள்கள் ஓடுகின்றன.

காரணம் எளிது. தண்ணீர் மேடு ஏறாது. ஆகவே அதன் ஓரத்துப் பாதையும் பெரும்பாலும் சமமாகவே இருக்கும். சாலைகள் பாலமாகத் தலைக்கு மேலே போய்விடும். சந்திப்புகளும் சிவப்பு விளக்குகளும் குறைவு.

பஞ்சம் வெட்டிய கால்வாய்

சென்னையிலும் இப்படியொரு கால்வாய் உண்டு. 1806இல் தொடங்கிப் பகுதி பகுதியாக நீண்ட அதற்குப் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர். தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877-78இல், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஐந்து மைல் பகுதியைப் பஞ்ச நிவாரணக் கூலிக்காக ஏழை மக்கள் வெட்டினார்கள். அதுபோன்ற பஞ்சமும் வறுமையுமே நம் முன்னோர் பலரைக் கப்பலேற்றின. கப்பலேறாதவர்கள் மண்வெட்டி பிடித்தார்கள். உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அதில் போயின.

இன்று அந்த நகர்ப்பகுதியில் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. தண்ணீரோ சாக்கடையாகிவிட்டது. கரையை ஒருமுறை இழந்தால் மீட்பது எளிதா?

கிள்ளான் ஆற்றோரம்

கோலாலம்பூரும் ஆறு பெற்ற பிள்ளைதான். 1857இல் ஈயம் தேடி வந்தவர்கள் படகிலே கிள்ளான் ஆற்றில் ஏறி, கோம்பாக் ஆறு வந்து கூடும் இடத்தில் இறங்கினார்கள். 1909இல் கட்டப்பட்ட ஜாமெக் பள்ளிவாசல் அந்தக் கூடலில்தான் நிற்கிறது.

2015இல் மிட்வேலி பக்கமிருந்து மெர்டேக்கா சதுக்கம் பக்கமாகச் சுமார் 5½ கிலோமீட்டருக்குச் சைக்கிளுக்கென்றே ஒரு பாதை திறந்தார்கள். அதில் ஒரு பகுதி ஆற்றை ஒட்டிப் போகிறது. பள்ளி விடுமுறையில் நானும் அந்த மாணவனும் அதில் ஓட்டிப் பார்த்தோம். ஒரு புறம் ஆறு, மேலே நெடுஞ்சாலை, அப்பால் ரயில். சற்றுத் தள்ளினால் நம்மவர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ். மாநகரத்தின் நடுவில் கொக்கு ஒன்று நிற்பதைக் கண்டேன்!

குறையும் கண்டேன். ஓரிடத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்று எதிரே சீறி வந்தது. பாலத்தடியில் பட்டப்பகலிலும் இருட்டு. சில இடங்களில் தரை பெயர்ந்து கிடந்தது.

ஊர் திரும்பி அந்தத் தாயாரிடம் சொன்னேன்: "சைக்கிள் வாங்கட்டும், அம்மா. தலைக்கவசமும் முன்பின் விளக்கும் சேர்த்து வாங்கட்டும். இருட்டினால் அந்த வழி வேண்டாம். பெருமழை பெய்தால் ஆற்றோரம் போகவே கூடாது. 1971 வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்குமே!" அரைமனதாகத் தலையாட்டினார். மறுவாரம் தலைக்கவசத்துக்குப் பணம் கொடுத்தனுப்பியவரும் அவரே.

நம் ஊர்ப் பெயரிலேயே ஆறு

ரந்தாவ் என்ற மலாய்ச் சொல்லுக்கு நீரோரக் கரைப்பகுதி என்றொரு பொருள் உண்டு. நம் லிங்கி ஆற்றில்தான் ஒரு காலத்தில் சிரம்பான் வட்டாரத்து ஈயம் படகேறி மலாக்காவுக்குப் போனது. 1891இல் போர்ட்டிக்சனுக்கு ரயில் வந்ததும் படகுகள் குறைந்தன. நாமும் ஆற்றுக்கு முதுகைக் காட்டி வீடு கட்டினோம். குப்பைப் பையை எறிய மட்டும் அந்தப் பக்கம் திரும்புகிறோம்.

நாறும் ஆற்றின் ஓரத்தில் யார் பாதை போடுவார்கள்? போட்டாலும் யார் போவார்கள்? பெற்றோரே, வரும் ஞாயிறு காலை பிள்ளைகளைச் சைக்கிளோடு அழைத்துப் போய், பாலத்தருகே பத்திரமாக நின்று, நம் ஆற்றைக் காட்டுங்கள். "இதில் படகு போனது" என்று சொல்லுங்கள். தெரிந்த ஆற்றில் குப்பை எறியப் பிள்ளைகளுக்கு மனம் வராது.